சுதாவுக்கு வைத்த புக்கை

எங்கள் சுதாவைப் பற்றி என் கணவரிடம் கேட்டால் ஒரு கதை சொல்வார்; என்னிடம் கேட்டால் வேறு கதை. அவர் கண்ணுக்கு அவள் பொறுமையே உருவான நல்ல பிள்ளை. எனக்குத் தெரிந்த சுதா சரியான கள்ளி. சண்டிலிப்பாயில் குதிரை நின்ற வளவு எங்களுடையது ஒன்றுதான். அதனால் எங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டுத் தீர்க்கவும் ஊரில் ஆள் இல்லை.

இவர், அதாவது என் கணவர் பரமலிங்கம், சுதா வருவதற்கு முன் முழுக்க முழுக்க மாட்டுக்காரர். மாட்டுவண்டிச் சவாரிக்கு நாம்பன் காளைகள் வளர்த்து ஊர் ஊராகப் போய் ஓடியவர். வயது போய்ச் சவாரியை விட்டபின் புகையிலையும் மிளகாயும் என்று அடங்கி இருந்தார். ஒருமுறை நுவரெலியாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போனோம். அங்கே வாவிக்கரையில் பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்த வெள்ளைக் குதிரை ஒன்றைக் கண்டார். பிறகு எனக்கு வாவியும் இல்லை, பூந்தோட்டமும் இல்லை. இப்போது யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைமார் குதிரையில் வந்து இறங்குகிறார்கள், மேலே ட்ரோன் கமரா பறக்கிறது, இது நல்ல தொழில் என்று திரும்பி வரும் வழி முழுவதும் நியாயம் சொன்னார். தொழில் எல்லாம் வெறும் சாட்டு. அவர் அந்தக் குதிரையைப் பார்த்த பார்வையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இந்த மனிதர் அப்படிப் பார்க்கவில்லை.

விலைக்கு வாங்கி லொறியில் வந்து இறங்கியபோது அவள் பெயர் சுது. சிங்களத்தில் வெள்ளை என்று பொருள். எங்கள் ஒழுங்கைக்கு வந்த கையோடு சுதா ஆகிவிட்டாள். ஆனால் பெயர் மாறினாலும் பாஷை மாறவில்லை. 'வா, போ' என்றால் காதைக்கூட அசைக்க மாட்டாள். 'யமு' என்றால்தான் கால் எடுத்து வைப்பாள். எனக்குத் தெரிந்த சிங்களம் அதுவரை சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும் அளவுக்குத்தான். இந்தக் கள்ளிக்காக இன்னும் நாலு சொல் படித்தேன். ஆமிக்காரர் சைக்கிளில் சிங்களத்தில் கதைத்துக்கொண்டு போனால் அவள் காதை நிமிர்த்திக்கொண்டு படலைக் கதவு வரைக்கும் ஓடுவாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அது அவள் பிறந்து கேட்ட பாஷை, அவளோடு ஏன் கோபிக்கிறீர்கள் என்று நான்தான் அவளுக்காக வழக்காடுவேன்.

வெடிச் சத்தத்துக்கு அவளுக்குப் பயமில்லை. தவிலுக்கும் பயமில்லை. குடைக்குத்தான் பயம். மழைக்காலத்தில் யாராவது ஒழுங்கையில் குடையை விரித்தால் நாலு கால்களும் நாலு பக்கம் போகும். குடிக்கிற வாளியில் துளி சவர்க்கார மணம் இருந்தாலும் மூக்கால் வாளியைத் தள்ளிக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். இவர் போனில் கதைத்தால் பொறுக்கமாட்டாள். பின்னால் வந்து அவர் சட்டையைப் பல்லால் பிடித்து இழுப்பாள். காலையில் ரொட்டி விற்கும் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் ஒழுங்கைக்கே கேட்கக் கனைப்பாள். பாண்காரர் ஒரு பணிஸை நீட்டாமல் எங்கள் படலையைத் தாண்டிப் போனதே இல்லை.

கல்யாணங்களில் அவள் செய்த கூத்துக்குக் கணக்கில்லை. நாதஸ்வரம் வாசித்தால் நடப்பாள், நிறுத்தினால் நின்றுவிடுவாள். அளவெட்டியில் ஒரு ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் சோடா குடிக்க நிறுத்தினார். சுதாவும் நடுறோட்டில் நின்றுகொண்டாள். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது, மாப்பிள்ளை மேலே இருந்து வியர்க்கிறார், இவர் 'யமு, யமு' என்று கெஞ்சுகிறார். சோடாப் போத்தல் முடியும் வரை அவள் அசையவில்லை. இன்னொரு இடத்தில், பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை இறங்கிக் கும்பிட்டு நிமிர்வதற்குள் அவர் கழுத்து மாலையில் பாதியைத் தின்றுவிட்டாள். வீடியோவில் அதுதான் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்த்த பகுதி என்று பிறகு அறிந்தோம். வீட்டுக்கு வந்து நான் அவளைத் திட்டினேன். இவரோ, மாலைக்காரன் பூவுக்கு என்னத்தைத் தெளித்தானோ என்று அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றார்.

முன்வீட்டுக் கமலாவதி முதலில் சண்டைக்கு வந்தவள். சுதா படலைக் கொளுக்கியை உதட்டால் தூக்கித் திறந்துகொண்டு போய் அவளுடைய பீற்றூட் பாத்தியை ஒரு கை பார்த்துவிட்டாள். அவள் பிடுங்கிப் போட்ட செடிகளோடு கமலாவதி வந்து வாசலில் நின்று கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே சுதா அவள் கையிலிருந்த மிச்சத்தையும் மெல்ல வாங்கித் தின்றாள். கமலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து அவளே ஒரு பீற்றூட்டைக் கழுவிக் கொண்டுவரத் தொடங்கினாள். இப்படித்தான் சுதா ஒழுங்கை முழுவதையும் வளைத்துப் போட்டாள். ஒருவர் கொடுத்ததை அவள் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. அதில்தான் எங்கள் விதி இருந்திருக்கிறது.

இந்தத் தை மாதம் பட்டிப்பொங்கல் வந்தது. தைப்பொங்கலுக்கு மறுநாள் மாடுகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, புக்கையை, அதாவது பொங்கிய சர்க்கரைச் சோற்றை, வாழையிலையில் வைத்து ஊட்டுவது வழக்கம். எங்கள் பட்டியில் மாடு இல்லாமல் வருடக்கணக்காகிவிட்டது. சுதா வந்த முதல் வருடம் அவள் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தாள். இந்த வருடம் வீட்டில் நின்றாள். இவர் விடியவே பானையை எடுத்து வைத்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, அவள் மாடில்லை," என்றேன்.

"பட்டியிலை நிக்கிற எல்லாத்துக்கும் உரியதுதான் பட்டிப்பொங்கல். அவள் எங்களுக்கு உழைச்சுத் தாறாள். அவளுக்குப் பொங்காமல் ஆருக்குப் பொங்கிறது?"

எனக்கும் அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. சாணி மெழுகின நிலத்தில் அவள் மிதித்துப் பழுதாக்கப் போகிறாள் என்பதுதான் என் கவலை. பச்சரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால் என்று குறைவில்லாமல் போட்டுப் பொங்கினார். சுதாவுக்கு நெற்றியில் சந்தனம் வைத்து, செவ்வரத்தை மாலை போட்டார். மாலையை முதலில் தின்றாள். பிறகு புக்கையை வழித்து வழித்துத் தின்றாள். அதைப் பார்க்கக் கமலாவதி வந்தாள், அவளும் ஒரு தட்டம் புக்கை கொண்டுவந்தாள். அவளைக் கண்டு பக்கத்து வீடு, அதைக் கண்டு அதற்கடுத்த வீடு. வீட்டில் மாடில்லாத ஆட்கள் எல்லாருக்கும் அன்று எங்கள் சுதாதான் பட்டி. பிள்ளைகள் வாயில் ஊட்டினார்கள், படம் எடுத்தார்கள். இவர் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தார். சவாரியில் வென்ற காலத்தில்கூட இவ்வளவு சனம் எங்கள் வளவுக்கு வந்ததில்லை.

மறுநாள் காலை சுதா வியர்த்துக்கொண்டு நின்றாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தாள், பின்காலால் வயிற்றை உதைத்தாள், விழுந்து புரண்டாள். இவர் மாட்டுக்குச் செய்கிற கைவைத்தியம் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் மிருக வைத்தியரைக் கூப்பிட்டார். வந்தது லவீனா என்ற இளம் பெண். குருநகர்ப் பிள்ளை, தகப்பன் கடலுக்குப் போகிறவர். பேராதனையில் படித்துவிட்டு வந்து எங்கள் பகுதியில் வேலை செய்கிறாள்.

"என்னத்தைக் குடுத்தனீங்கள், ஐயா?"

"புக்கைதான் பிள்ளை. வீட்டிலை பொங்கினது."

"எவ்வளவு?"

இவர் ஒழுங்கையை ஒருமுறை பார்த்தார். எத்தனை வீட்டுத் தட்டம் என்று அவருக்கே தெரியாது.

லவீனா மூக்கு வழியாகக் குழாய் விட்டுக்கொண்டே சொன்னாள்: "மாடெண்டால் அசை போடும், ஏப்பம் விடும், எப்பிடியும் சமாளிச்சிடும். குதிரைக்கு ஏப்பமும் வராது, சத்தியெடுத்து வெளியிலை தள்ளவும் ஏலாது. உள்ளுக்கை போனது போனதுதான். எனக்கும் குதிரையிலை பெரிய அனுபவம் இல்லை, அன்ரி. எங்கடை பேராசிரியரோடை கதைச்சுக் கதைச்சுத்தான் செய்யிறன்."

எண்ணெயை உள்ளே விட்டு, ஊசி போட்டு, பின்னேரம் வரை கூடவே நின்றாள். பொழுது சாய்கிற நேரம் சுதா சாணி போட்டாள். இவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவளுடைய நெற்றியைத் தடவி, 'தின்னிப் பண்டாரம்' என்று திட்டினேன். ஒழுங்கை முழுவதும் செய்தி போய், எல்லோரும் வந்து பார்த்துவிட்டுச் சந்தோசமாகத் திரும்பினார்கள். லவீனா மட்டும் குனிந்து சுதாவின் முன்கால் குளம்புகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனிக் கால்தான் பயம், அசையவிட வேண்டாம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் விடிய நான் கொட்டிலுக்குப் போனபோது இரண்டும் இல்லை. குதிரையும் இல்லை, மனிதரும் இல்லை. ஒழுங்கை முடிவில் சுதாவை நடத்திக்கொண்டு வந்தார். அவள் முட்கம்பியில் நடப்பதுபோல ஒவ்வொரு அடியும் வைத்தாள்.

"கால் பிடிச்சுப்போச்சு. நடத்தினால் இளகும்," என்றார். மாட்டுக்கு அப்படித்தான் செய்வார்கள்.

சற்று நேரத்தில் லவீனா வந்தாள். சுதா முன்கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்துக்கொண்டு நின்றாள். குளம்பு அடுப்புக்கல் போலக் கொதித்தது. நடத்தின கதையைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போனது. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஐயா, குளம்புக்குள்ளை ஒரு எலும்பு இருக்கு. அதைக் குளம்போடை பிடிச்சு வைச்சிருக்கிற தசை இப்ப விட்டுக்குடுக்குது. வயித்திலை புளிச்ச நஞ்சு அங்கை இறங்கியிட்டுது. இனி எலும்பு கீழை வராமல் பாக்கவேணும். வந்தால் ஒண்டும் செய்யேலாது."

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: சுதா பழையபடி காலூன்றி நிற்பாளா, மாட்டாளா. லவீனாவின் தகப்பன் குருநகரிலிருந்து மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் அனுப்பினார். அதை நொறுக்கி வாளிகளில் நிரப்பி அவளுடைய கால்களை வைத்தோம். மீன் மணத்துக்குச் சுதா மேலுதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள். அதைப் பார்த்து இவர் சிரித்தார், குணம் மாறவில்லை என்றால் சுகம் வருகிறது என்றுதான் அர்த்தம் என்றார். கமலாவதி வைக்கோல் கொண்டுவந்து கொட்டிலில் தடிப்பாகப் பரப்பிவிட்டு, என் கையைப் பிடித்து அழுதாள்.

"நான் தாற ஒரு தட்டம் என்ன செய்யப்போகுதெண்டு நினைச்சன், அக்கா."

எனக்கு அவளில் கோபம் வந்தது. எல்லாரிலும் வந்தது. இவரில் மிகவும் வந்தது. ஆனால் யாரைப் பிடித்துத் திட்டுவது? பகைவன் ஒருவன் நஞ்சு வைத்திருந்தால் போய் வாசலில் நின்று மண் அள்ளித் தூற்றியிருப்பேன். இது அத்தனை பேரும் ஆசையாகக் கொண்டுவந்து ஊட்டியது. என் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடமும் இல்லாமல் சட்டி பானைகளோடு அடித்துக்கொண்டேன்.

தை முடிவதற்குள் அவள் நிற்பதை விட்டுவிட்டாள். இவர் மாமரக் கிளையில் கயிறு போட்டு, சாக்குகளைத் தைத்து, வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். விழுந்த மாடுகளை அப்படி நிறுத்தி எழுப்பியவர். சுதா கயிற்றில் தொங்கினாள். காலை நிலத்தில் வைக்கவில்லை. இறக்கிவிட்டோம். படுத்த பக்கம் தோல் உரிந்து புண்ணானது. நானும் அவரும் மஞ்சள் மருந்து பூசினோம், பக்கம் மாற்றினோம், புண்ணில் மொய்த்த இலையான் கலைத்தோம். பிறகு ஒரு நாள் காலையில் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து படலையில் நின்றது. சுதா தலையைத் தூக்கவில்லை. பாண்காரர் பணிஸை என் கையில் தந்துவிட்டுப் பாட்டை நிறுத்திக்கொண்டு போனார். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. இவருக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கிக்கொள்ள மறுத்தார்.

மாசியில் லவீனா குளம்பைத் தூக்கி எங்களுக்குக் காட்டினாள். பாதத்தின் நடுவில் பிளந்து எலும்பு நுனி தெரிந்தது.

"இரண்டு காலிலும் இதுதான். இனி அவளை வைச்சிருக்கிறது வதைக்கிறது, அன்ரி," என்றாள்.

இவர் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து, "அவள் இண்டைக்கும் புல்லுத் திண்டவள்," என்றார். அவ்வளவுதான் அவரிடம் மிஞ்சியிருந்த நியாயம். இரண்டு நாள் அவரோடு மல்லுக்கட்டி, அழுது, சாப்பாடு வைக்காமல் விட்டு, கடைசியில் தலையாட்ட வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு கிட்ட எதையும் தாட்டக்கூடாது. கல்லுக்குள்ளால் இறங்கித் தண்ணீர் கெட்டுவிடும். அதனால் புகையிலைத் தோட்டத்தின் கடைசி மூலையில் மெசின் கொண்டு குழி வெட்டினோம். மெசின் கொட்டில் வரைக்கும் வராது, இடையில் வீடும் கிணறும் நிற்கின்றன. கொட்டிலிலேயே முடித்தால் அவளைக் கயிறு கட்டி நிலத்தில் இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

"அதை ஐயா பாக்கக்கூடாது," என்று லவீனா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "காலுக்கு விறைக்கிற ஊசி போட்டால் கொஞ்ச நேரம் நோவு தெரியாது. நடத்திக் கொண்டுபோவம்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு முன்கால்களிலும், குளம்புக்கு மேலே, அந்தப் பிள்ளை ஊசி போட்டாள். காத்திருந்தோம். சுதா காதை அசைத்தாள். பிறகு முன்காலை மடித்து ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து நின்றாள். வைக்கோலை உதறினாள்.

இவர் கயிற்றைப் பிடித்தார். அவள் நடந்தாள். நொண்டவில்லை, சாயவில்லை. வீட்டைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, புகையிலைக்கு நடுவே இருந்த வரம்பில் வெயில் முதுகில் பட, மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதுபோல நிமிர்ந்து போனாள். நாள் கணக்கில் படுத்துக் கிடந்தவள், கயிற்றை இழுத்துக்கொண்டு அவருக்கு முன்னே போகப் பார்த்தாள். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"கனகம், பார். நடக்கிறாள். அவள் நடக்கிறாள்," என்றார். அவர் முகத்தில் பொங்கல் அன்று இருந்த வெளிச்சம் இருந்தது.

நான் நிலத்தைப் பார்த்தேன். செம்மண்ணில் அவள் முன்கால் வைத்த இடமெல்லாம் ஈரமாக இருந்தது. அவர் சுதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனதால் அதைக் காணவில்லை.

குழிக்குப் பக்கத்தில் சுதா தலையைக் குனிந்து வரம்புப் புல்லைக் கடிக்கத் தொடங்கினாள். லவீனா பெட்டியைத் திறந்தாள். இவர் இடையில் வந்து நின்றார்.

"பிள்ளை, அந்த விறைக்கிற ஊசியை ஒவ்வொரு நாளும் போடேலாதோ?"

"ஐயா, அது சுகம் இல்லை. விறைச்சிருக்கு, அவ்வளவுதான். இப்ப அவள் நடக்க நடக்க எலும்பு இன்னும் வெளியிலை வருது. அவளுக்கு அது தெரியேல்லை."

"தெரியாட்டில் அது போதுந்தானே."

லவீனா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இவரும் என்னைப் பார்த்தார். வாழ்நாளில் இந்த மனிதர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அப்போது கேட்டார், வாய் திறக்காமல். ஓம் என்று சொல்ல எனக்கும் ஆசையாக இருந்தது. இன்றைக்கு மட்டும், இன்னும் ஒரு சுற்று, இப்படி அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கும் ஆசைதான்.

நான் அவருடைய கையைப் பிடித்து, அவள் வந்த வழியைக் காட்டினேன். வரம்பு நீளத்துக்கும் இரத்தம் ஊறிக் கிடந்த தடத்தை அவர் பார்த்தார்.

"விறைப்பு விடப்போகுது, அன்ரி," என்றாள் லவீனா மெதுவாக.

"போடுங்கோ, பிள்ளை," என்றேன்.

இவர் கயிற்றை விடவில்லை. மற்றக் கையால் சுதாவின் கழுத்தைத் தடவிக்கொண்டு, நல்லாய் நடந்தாய், நல்லாய் நடந்தாய் என்று அவள் காதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றார். ஊசி ஏறும்போது சுதா புல் மென்றுகொண்டிருந்தாள். அவள் அதை விழுங்கவில்லை.